ஹைக்ளியர்: ஒரு மாளிகையும் ஒரு கொசுக்கடியும்

1/
‘டவுன்டன் ஆபி’ தொடர் பார்த்திருக்கீங்களா? பார்க்காதவங்க கூட அந்த மாளிகையின் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. பெரிய புல்வெளி நடுவே தேன் நிறக் கல்லில் ஒரு வீடு, உச்சியில் வானத்தைக் குத்துற மாதிரி கோபுரங்கள். அது செட் இல்லை, நிஜ வீடு. பெயர் ஹைக்ளியர் காஸ்ல். லண்டனிலிருந்து மேற்கே சுமார் 100 கிலோமீட்டர், ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் இருக்கு.

2/
ஒரு டாக்டருக்கு இங்கிலாந்து மாளிகையோட என்ன வேலைன்னு கேட்கலாம். இருக்கு. இந்த வீட்டுக்குள்ளேயே ஒரு காலத்தில் ஆபரேஷன் தியேட்டர் இருந்தது. இந்த வீட்டின் சொந்தக்காரர் இறந்ததற்குக் காரணம் ‘மம்மியின் சாபம்’ என்று உலகமே பேசியது. உண்மையான காரணம் நம்ம ஊரில் தினமும் நடக்கிற ஒண்ணு. கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

3/
முதலில் பெயர். ‘காஸ்ல்’ என்றால் கோட்டை. ஆனா இங்கே அகழி கிடையாது, பீரங்கி மேடை கிடையாது. யாரும் இதை முற்றுகையிட வரவும் இல்லை, அதற்காகக் கட்டப்படவும் இல்லை. இங்கிலாந்தில் ‘கன்ட்ரி ஹவுஸ்’ என்று சொல்வார்களே, அந்த வகை. சுற்றியுள்ள நிலத்தின் வருமானத்தில் வாழும் ஒரு பிரபுக் குடும்பத்தின் தலைமை வீடு. நம்ம ஊர் ஜமீன் அரண்மனையை நினைச்சுக்கோங்க, ஓரளவு புரியும்.

4/
இந்த நிலத்துக்கு வயசு அதிகம். 1086-ல் இங்கிலாந்து முழுக்க எடுத்த ‘டூம்ஸ்டே’ நிலக் கணக்கிலேயே ஹைக்ளியர் இருக்கு. ஏறக்குறைய 800 ஆண்டுகள் வின்செஸ்டர் ஆயர்களின் சொத்து. 16-ஆம் நூற்றாண்டில் அரசின் கைக்குப் போச்சு. 1679-ல் ராபர்ட் சாயர் என்ற வழக்கறிஞர் வாங்கினார். மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். அவர் மகள் வழியில் ஹெர்பர்ட் குடும்பத்துக்கு வந்தது. 1793-ல் அந்தக் குடும்பத்துக்கு ‘ஏர்ல் ஆஃப் கார்னார்வன்’ பட்டம் கிடைத்தது. இன்னைக்கும் அதே குடும்பம்தான்.

5/
வீட்டைப் பார்க்கும் முன் தோட்டத்தைப் பார்ப்போம். புல்வெளி மெதுவா சரிந்து இறங்குது, அங்கங்கே லெபனான் தேவதாரு மரங்கள், தூரத்தில் குன்று. இயற்கை எவ்வளவு அழகுன்னு தோணும். இயற்கை இல்லைங்க! 1770-களில் ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்ற தோட்டக்கலை நிபுணர் தீட்டிய திட்டம் அது. எங்கே மரம், எங்கே வெட்டவெளி, எந்த வளைவில் வண்டி திரும்பும்போது வீடு கண்ணில் படணும் என்பது வரை கணக்கு.

6/
அந்தக் காட்சிக்கு ஒரு விலை இருந்தது. பூங்கா அமைத்தபோது அங்கிருந்த கிராமத்தையே இடம் மாற்றினார்கள். மாளிகையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஏழை வீட்டுக் கூரை தெரியக் கூடாது. இது ஹைக்ளியரில் மட்டும் நடந்ததில்லை, 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பல பூங்காக்களின் கதை இதுதான். அந்த அமைதியான புல்வெளிப் படத்தை அடுத்த முறை பார்க்கும்போது இதையும் நினைச்சுக்கோங்க.

7/
இப்போ வீட்டுக்கு வருவோம். 1834 அக்டோபரில் லண்டன் நாடாளுமன்றம் எரிந்து போனது. புதிதாகக் கட்டும் வேலை சார்லஸ் பாரி என்ற கட்டடக் கலைஞருக்குக் கிடைத்தது. இன்னைக்கு தேம்ஸ் நதிக்கரையில் நாம் பார்க்கிற அதே நாடாளுமன்றம். அதே பாரியிடம்தான் மூன்றாம் கார்னார்வன் பிரபு தன் வீட்டைக் கொடுத்தார். ஹைக்ளியரைப் பார்த்ததும் நாடாளுமன்றத்தின் தம்பி மாதிரி இருக்கேன்னு தோணினால், காரணம் இதுதான். ரெண்டுக்கும் அப்பா ஒருத்தர்.

8/
என் தொழில் பாஷையில் சொல்றேன். பாரி பழைய வீட்டை முழுசா இடிக்கவில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு செங்கல் மாளிகை இருந்தது, 18-ஆம் நூற்றாண்டு பாணியில், நேர்க்கோடுகளோடு அடக்கமா. அந்த எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு வெளியே ‘பாத்’ என்ற ஊரின் தேன் நிறக் கல்லால் புதுத் தோல் போர்த்தினார். கோபுரங்களை எழுப்பினார். கூரை விளிம்பில் கல் வேலைப்பாடு சேர்த்தார். ஒரு பெரிய பிளாஸ்டிக் சர்ஜரி!

9/
எந்த முகத்தை வைத்தார்? அவர் காலத்துக்கு 250 ஆண்டுகள் முந்தைய முகத்தை. முதலாம் எலிசபெத், முதலாம் ஜேம்ஸ் காலத்து மாளிகைகளின் சாயல். பின்னாளில் இதை ‘ஜாகோபீதன்’ பாணி என்றார்கள். அதோடு இத்தாலியக் கோபுரங்களின் வாடையும் கலந்திருக்கும். வெளியே ரயில் ஓடுது, ஆலைகள் புகையுது, தொழிலாளர் வர்க்கம் ஓட்டுரிமை கேட்குது. அந்த நேரத்தில் ஒரு பிரபு குடும்பம், ‘நாங்க இன்னைக்கு நேத்து வந்தவங்க இல்லை’ என்று கல்லில் எழுதி வைக்குது.

10/
கட்டி முடிக்கிறதுக்குள்ள மூன்றாம் பிரபு 1849-ல் இறந்துட்டார். 1860-ல் பாரியும் போய்ச் சேர்ந்தார். அப்போ மேற்குப் பக்கம் வேலைக்காரர்களுக்கான பகுதியும் உள்வேலையும் பாக்கி. பாரியோடு வேலை செய்த தாமஸ் ஆலம் தான் உள்ளே முடித்தார். எல்லாம் முடிந்தது 1878-ல். வீடு கட்டிப் பார் என்ற பழமொழி பிரபுக்களுக்கும் பொருந்தும்.

11/
உள்ளே போனால் வீட்டின் இதயம், ‘சலூன்’ என்று அழைக்கப்படும் நடுக்கூடம். முடி வெட்டுற சலூன் இல்லைங்க! இரண்டு மாடி உயரம். கோதிக் வளைவுகள், மேலே சுற்றிலும் நடைமாடம், அந்த மாடத்திலிருந்து படுக்கையறைகளுக்கு வழி. சுவரில் 17-ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் நாட்டுத் தோல் வேலைப்பாடு. நாலு பக்கமும் உள்ள அறைகள் இந்தக் கூடத்தைத்தான் நம்பி இருக்கு. நம்ம ஊர் முற்றம் வைத்த வீடு மாதிரியே. என்ன, நம்ம முற்றத்தில் மழை பெய்யும், இங்கே மேலே கூரை உண்டு.

12/
பக்கத்தில் நூலகம். 5,000-க்கும் மேற்பட்ட புத்தகங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் குதிரை மேல் மன்னர் முதலாம் சார்லஸ், வான் டைக் வரைந்த ஓவியம். நான்காம் பிரபு பிரிட்டனின் காலனி அமைச்சர். 1867-ல் கனடா என்ற நாட்டை உருவாக்கிய சட்டத்தைப் பிரபுக்கள் சபையில் கொண்டுவந்தவர் இவர்தான். இந்த மாதிரி வீடுகள் வெறும் வீடுகள் இல்லை. சாப்பாட்டு மேஜையில் சாம்ராஜ்ஜியம் பேசப்பட்ட அலுவலகங்கள்.

13/
ஆனா 1870-களுக்குப் பிறகு ஒரு சிக்கல். அமெரிக்காவிலிருந்து மலிவு கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. இங்கிலாந்தில் விளைச்சல் விலை சரிந்தது, நிலக் குத்தகையும் சரிந்தது. மாளிகைகளின் ரத்த ஓட்டமே அந்தக் குத்தகைதானே! வீடு பெரிசு, வேலையாட்கள் அதிகம், வருமானம் குறைச்சல். பல பிரபுக்கள் கண்டுபிடித்த மருந்து ஒன்றே ஒன்று. பணக்கார வீட்டில் பெண் எடுப்பது.

14/
ஐந்தாம் கார்னார்வன் பிரபு ஜார்ஜ் ஹெர்பர்ட்டும் அதைத்தான் செய்தார். குதிரை, கார், பயணம் என்று வாழ்ந்த மனிதர், கடனும் நிறைய. 1895-ல் அல்மினாவை மணந்தார். வங்கி அதிபர் ஆல்ஃபிரட் டி ராத்ஸ்சைல்டின் செல்வம் அல்மினா வழியாக இந்த வீட்டுக்குள் வந்தது. கடன் தீர்ந்தது, விளக்கு எரிந்தது. டவுன்டன் ஆபி கதையில் வரும் பணக்கார மருமகளுக்கு இது போன்ற நிஜ முன்னோர்கள் உண்டு.

15/
இனிமேல்தான் மருத்துவம் வருது. பிரபுவுக்குக் கார் ஓட்டுவதில் வெறி. ஜெர்மனியில் பெரிய விபத்து. உயிர் பிழைத்தார், ஆனால் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. குளிர்காலம் வந்தால் நெஞ்சுச் சளி, மூச்சுத் தொல்லை. டாக்டர்கள் சொன்னது: இங்கிலாந்துக் குளிரில் இருக்காதீங்க, வெயில் உள்ள ஊருக்குப் போங்க. போனார், எகிப்துக்கு. சும்மா உட்கார முடியாமல் அகழாய்வில் இறங்கினார். 1907-லிருந்து ஹோவர்ட் கார்ட்டர் அவருக்காகத் தோண்ட ஆரம்பித்தார்.

16/
நடுவில் 1914. முதல் உலகப்போர். அல்மினா ஹைக்ளியரையே மருத்துவமனை ஆக்கினார். பிரான்ஸ் போர்முனையிலிருந்து காயம்பட்ட வீரர்கள் செப்டம்பரிலேயே வர ஆரம்பித்தார்கள். ‘அருண்டெல்’ என்று பெயர் வைத்த படுக்கையறை ஆபரேஷன் தியேட்டர் ஆச்சு. நூலகம், நோயாளிகள் பகலில் உட்கார்ந்து பேசும் இடம் ஆச்சு. எந்த ஜன்னலிலிருந்து ஏழையின் கூரை தெரியக் கூடாது என்று கிராமத்தை நகர்த்தினார்களோ, அதே ஜன்னலோரம் சாதாரணச் சிப்பாய்கள் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

17/
அல்மினா காசு மட்டும் கொடுத்துட்டு ஒதுங்கவில்லை. நர்ஸ் வேலையைத் தானே கற்று, தானே செய்தார். அந்தக் காலத்துப் போர்க்காயம் என்றால் என்ன என்று யோசிச்சுப் பாருங்க. குண்டு ஒரு பக்கம், அதோடு சேர்ந்து உள்ளே போன மண்ணும் சாணமும் துணி நாரும் இன்னொரு பக்கம். குண்டு கொல்லாதவனைச் சீழ் கொன்றது. ஆன்டிபயாடிக் கிடையாது. காயத்தைத் திறந்து கழுவு, அழுகியதை வெட்டு, முடியாவிட்டால் காலையோ கையையோ எடு. அதுதான் சிகிச்சை. பிறகு மருத்துவமனை லண்டனுக்கு மாறியது.

18/
போர் முடிந்தது. எகிப்தில் ஆண்டுக்கணக்கில் தோண்டியும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1922 கோடையில் பிரபு கார்ட்டரை ஹைக்ளியருக்குக் கூப்பிட்டார். ‘போதும், இனி பணம் போட முடியாது’ என்பதுதான் விஷயம். கார்ட்டர் விடவில்லை. இன்னும் ஒரே ஒரு சீசன், கிடைக்கலைன்னா செலவு என்னோடது என்றார். பிரபு மனசு மாறினார். தொல்லியல் வரலாற்றின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு மணலில் தொடங்கும் முன், இந்த வீட்டில் நடந்த ஒரு பேச்சில் தொடங்கியது.

19/
1922 நவம்பர் 4. முதல் படிக்கட்டு தெரிந்தது. ஹைக்ளியருக்குத் தந்தி பறந்தது. பிரபுவும் மகள் ஈவ்லினும் கிளம்பி ஓடினார்கள். நவம்பர் 26-ல் சுவரில் சின்னத் துளை போட்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கார்ட்டர் உள்ளே பார்த்தார். எங்கே பார்த்தாலும் தங்கம். துட்டன்காமுன் என்ற இளம் மன்னரின் கல்லறை, 3,000 ஆண்டுகளுக்கும் மேலாக மூடிக் கிடந்தது.

20/
அடுத்த சில மாதங்களில் பிரபுவின் கன்னத்தில் ஒரு கொசு கடித்தது. அவ்வளவுதான், ஒரு கொசு. ஷேவிங் செய்யும்போது ரேசர் அந்த இடத்தைக் கீறிவிட்டது. கடித்த இடம் புண்ணாச்சு. காய்ச்சல் வந்தது. கழுத்தில் நெறி கட்டியது. முகத்தில் சிவப்பு பரவியது. இதை எரிசிபெலஸ் என்போம். பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தோலின் மேலடுக்கில் பரவுவதால் வருவது. அடுத்து ரத்தத்தில் நஞ்சு, அடுத்து நிமோனியா. ஏற்கெனவே பலவீனமான நுரையீரல் வேற.

21/
அல்மினா சேதி கேட்டு, குடும்ப டாக்டரையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து கெய்ரோவுக்குப் பறந்தார். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல். ஆனால் வந்து சேர்ந்த டாக்டரின் பையில் என்ன இருந்திருக்கும்? காய்ச்சல் குறைக்க, வலி குறைக்க, இதயத்தைத் தூண்ட மருந்துகள் இருந்திருக்கும். கிருமியைக் கொல்லும் மருந்து மட்டும் இல்லை. அது உலகத்திலேயே இல்லை. 1923 ஏப்ரல் 5-ஆம் தேதி அதிகாலை, கெய்ரோவில் ஒரு ஹோட்டல் அறையில் பிரபு இறந்தார். வயது 56.

22/
பத்திரிகைகள் விடுமா? ‘மன்னரின் சாபம்’ என்று எழுதித் தள்ளினார்கள். பிரபு இறந்த நேரத்தில் கெய்ரோ விளக்குகள் அணைந்தன, ஹைக்ளியரில் அவர் நாய் ஊளையிட்டுச் செத்தது என்றெல்லாம் கதைகள். 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வே வந்தது. கல்லறை திறப்பு மாதிரியான நிகழ்வுகளில் இருந்த 25 மேற்கத்தியர்களையும், அப்போது எகிப்தில் இருந்தும் அவற்றில் பங்கேற்காத 11 பேரையும் ஒப்பிட்டார்கள். இறந்த சராசரி வயது 70, 75. புள்ளியியல்படி அந்த வித்தியாசத்துக்கு அர்த்தமில்லை. சாபத்துக்கு ஆதாரம் இல்லை.

23/
சாபம் பலிக்கணும்னா முதலில் போயிருக்க வேண்டியவர் கல்லறையைத் திறந்த கார்ட்டர். அவர் 1939 வரை இருந்தார். அப்பாவோடு உள்ளே போன ஈவ்லின் 1980 வரை வாழ்ந்தார். கொன்றது மன்னரும் இல்லை, மந்திரமும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி.

24/
எனக்கு மனசை உறுத்துற விஷயம் இதுதான். ஹைக்ளியரிலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் ஆக்ஸ்ஃபோர்டு. 1928-ல் ஃபிளெமிங் கண்ட பெனிசிலினை மருந்தாக மாற்றியது அங்கேதான். 1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு முதலில் கொடுத்தார்கள். அவருக்கும் முகத்தில் ஒரு காயம், அதிலிருந்து பரவிய தொற்று. மருந்து போனதும் தேற ஆரம்பித்தார். ஆனால் இருந்ததே கொஞ்சம். அவருடைய சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்துத் திரும்பக் கொடுத்தும் போதவில்லை. மருந்து தீர்ந்தது, அவரும் இறந்தார்.

25/
ஒரு பிரபு, ஒரு போலீஸ்காரர். ஒருவருக்கு 1923-ல் எல்லாப் பணமும் இருந்தும் மருந்து இல்லை. இன்னொருவருக்கு 1941-ல் மருந்து இருந்தும் அளவு இல்லை. அதே தொற்றோடு இன்னைக்கு நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு வரும் கூலித் தொழிலாளி பெரும்பாலும் பிழைத்து வீட்டுக்குப் போகிறார், காசு கொடுக்காமலேயே. பாரியின் கோபுரங்களும் ராத்ஸ்சைல்டின் பணமும் கொடுக்க முடியாத பாதுகாப்பு அது.

26/
சரி, வீடு என்ன ஆச்சு? 1926-ல் பிரபுவின் எகிப்தியச் சேகரிப்பு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டது. எல்லாம் போயிடுச்சுன்னுதான் நினைச்சாங்க. 1987-ல் ஆறாம் பிரபு இறந்த பிறகு பொருட்களைக் கணக்கெடுத்தபோது, இரண்டு அறைகளுக்கு நடுவே தடித்த சுவருக்குள் மறைந்த அலமாரிகளில் எகிப்தியப் பொருட்கள்! இருக்கும் இடம் பழைய பட்லருக்குத் தெரிந்திருந்தது. வீட்டின் ரகசியம் எப்பவும் வேலைக்காரருக்குத்தான் தெரியும், இல்லையா? இப்போ அவை அங்கேயே நிலவறையில் காட்சியில் இருக்கு.

27/
2009 வாக்கில் வீடு சீரியஸ் கண்டிஷன். மேல் மாடிகளில் நீர் இறங்கி, கல் உதிர்ந்து, கூரை இடிந்து, 50 அறைகளாவது ஆள் இருக்க முடியாத நிலை. எஸ்டேட் முழுவதையும் சரிசெய்ய 1.2 கோடி பவுண்டு ஆகும் என்றார்கள். அடுத்த ஆண்டு டவுன்டன் ஆபி வந்தது. கூட்டம் குவிந்தது. டிக்கெட் பணத்தில் கோபுரங்களைச் சரிசெய்தார்கள். ஒரு சின்னத் தகவல்: தொடரில் வரும் கீழ்த்தளச் சமையலறை, வேலைக்காரர் பகுதி எல்லாம் லண்டன் ஈலிங் ஸ்டுடியோவில் போட்ட செட். பிரபுக்கள் வாழ்ந்த மேல்தளம்தான் நிஜ வீடு.

28/
மாளிகையைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தெற்கே பீக்கன் ஹில் என்ற குன்று தெரியும். ஐந்தாம் பிரபு அதன் உச்சியில் புதைக்கப்பட்டிருக்கார். அங்கிருந்து பார்த்தால் பிரவுனின் பூங்காவும் பாரியின் கோபுரங்களும் தெரியும்.

29/
இப்போ உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். 2019-ல் மட்டும் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகளால் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கிப் போடும் ஒவ்வொரு மாத்திரையும் நம்மை 1923 கெய்ரோ ஹோட்டல் அறைக்கு ஒரு படி பின்னால் கொண்டுபோகுது. டாக்டர் எழுதாமல் ஆன்டிபயாடிக் வேண்டாம். எழுதினால், சொன்ன அளவில் சொன்ன நாள் வரை எடுங்க. போன தடவை மிச்சம் இருந்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீங்க.

30/
இன்னொண்ணு. முகத்தில் கொசுக்கடியோ பருவோ இருந்தால் சொறியாதீங்க, கிள்ளாதீங்க, அது மேலே ரேசர் ஓட்டாதீங்க. சிவப்பு பரவுது, தொட்டால் சுடுது, கூடவே காய்ச்சல் என்றால் மஞ்சள் பத்து போட்டுக்கொண்டு மூணு நாள் காத்திருக்காதீங்க. சர்க்கரை நோய் உள்ளவங்க அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. கார்னார்வன் பிரபுவுக்குக் கிடைக்காத மருந்து உங்க தெரு முனையில் இருக்கு. அது வேலை செய்யும் நிலையிலேயே நம்ம பிள்ளைகளுக்கும் போய்ச் சேரணும்.

 வீட்டுப் பெரியவங்களுக்கும் அனுப்புங்க.